முதல் கட்டத்துக் கையெழுத்து

ரேடியோவின் பெயரை அந்தப் படிவத்தில் எழுதியது நான்தான். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. "உங்களோடு மூன்று வருடமாவது வேலை பார்த்து, இப்போது எங்கள் நாட்டில் பதிவு பெற்றிருக்கும் நர்ஸ் ஒருவரைக் குறிப்பிடவும்" என்று நான் வேலைக்குப் போக நினைத்த நாட்டின் நர்ஸிங் கவுன்சில் கேட்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்று வருடமா? ஒன்பது வருடம் ஒரே வார்டு, ஒரே லாக்கர், ஒரே டீ ஃபிளாஸ்க். அவளைவிட என்னைத் தெரிந்தவர் உலகத்தில் யார் இருக்கிறார்கள் என்று பெருமையாகப் பெயரை எழுதி, ஈமெயிலை எழுதி, அடியில் ஒரு கோடு வேறு போட்டேன்.

ரேடியோ என்பது வார்டு அவளுக்கு வைத்த பெயர். காலையில் யூனிஃபார்ம் மாட்டும்போது ஆரம்பித்தால் டியூட்டி முடிந்து செருப்பு மாட்டும்வரை நிறுத்த மாட்டாள். காது மந்தமான நோயாளி ஒருவரே அவளிடம் 'கொஞ்சம் மெதுவா' என்று கையைக் காட்டியிருக்கிறார். என்னைவிட நாலு வயது சின்னவள். என்னை அக்கா என்பாள், என் மகள் அவளைச் சித்தி என்பாள். மகளின் அப்பா வேறு வீடு பார்த்துக்கொண்டு போன பிறகு எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டதென்றால் அன்றைக்கு அவள் வந்திருக்கிறாள் என்று அர்த்தம். மகளுக்குக் காய்ச்சல் என்றால் என் டியூட்டியையும் சேர்த்துப் பார்ப்பாள். இதையெல்லாம் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னதாக ஆகும். ஏற்கெனவே சொன்ன பொய்யே எனக்குப் போதும்.

அவள் வெளிநாடு போய் மூன்று வருடம் ஆனபோது நானும் போவதற்கு வழி பார்க்கத் தொடங்கினேன். கன்சல்டன்சி ஆபீஸ் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. சுவரில் உலகப்படம், மேஜையில் பிளாஸ்டிக் விமானம் ஒன்று, அதற்கு ஒரு இறக்கை இல்லை. கன்சல்டன்சிக்காரர் இறக்கை இருந்த பக்கத்தை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் பேசினார்.

"மேடம், மூணு வழி இருக்கு. ஒண்ணு, ஸ்டூடண்ட் விசா. ஒரு வருஷம் ஏதாவது கோர்ஸ் படிக்கிற மாதிரி போயிடலாம், சீக்கிரம் கிடைக்கும். ரெண்டு, வயசானவங்களப் பாத்துக்கிற வேலை. நர்ஸ்னு சொல்ல மாட்டாங்க, ஆனா கதவு திறந்திருக்கு. மூணு, கவுன்சில்ல பதிவு பண்ணி நர்ஸாவே போறது. ஆஸ்பத்திரியே விசா ஸ்பான்சர் பண்ணும். ஆனா லேட்டாகும்."

"எதுல என் பொண்ணக் கூட்டிட்டுப் போக முடியும்?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "முதல் ரெண்டுலயும் முடியாது. மூணாவதுலதான். அதுவும் பதினெட்டு வயசு முடியறதுக்குள்ள அவங்க விண்ணப்பமும் சேர்ந்து போயிடணும். பொண்ணுக்கு என்ன வயசு?"

"பதினாறு முடியப் போகுது."

"அப்போ மூணாவதுதான். ஓட ஆரம்பிங்க."

ஓடினேன். இருபது வருடம் ஊசி போட்ட கை, ஆங்கிலப் பரீட்சையில் கட்டுரை எழுதத் திணறியது. முதல் தடவை எழுத்துத் தேர்வில் அரை மார்க்கில் போச்சு. 'பொதுப் போக்குவரத்தை இலவசமாக்க வேண்டுமா' என்பது தலைப்பு. எனக்கு என்ன தெரியும், நான் வார்டுக்கு நடந்து போகிறவள். இரண்டாவது தடவை தேறினேன். மகள்தான் தினமும் சாயங்காலம் ஸ்டாப் வாட்சைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்காருவாள். அங்கே போய் என்ன படிப்பது, சித்தி வீட்டிலிருந்து எந்த பஸ், எல்லாம் அவளுக்குத் தெரியும். முதல் மூன்று மாதம் ரேடியோ வீட்டில்தான் தங்குவது என்று அவர்கள் இருவரும் எனக்கு முன்னாலேயே முடிவு செய்திருந்தார்கள்.

மேட்ரன் அம்மா நன்னடத்தைச் சான்று கொடுத்தார். 'இவர்மேல் எந்த நடவடிக்கையும் இல்லை' என்று எழுதி, சீல் குத்தி, "நீ போனா எனக்குத்தான் திண்டாட்டம்" என்று புலம்பிக்கொண்டே கவரை ஒட்டினார். கவுன்சிலின் இணையப் பக்கத்தில் என் பெயருக்கு நேரே ஒவ்வொரு வரிசையாகப் பச்சை டிக் விழுந்தது. மகளுக்குப் பதினேழு வயது ஏழு மாதம் ஆனபோது ஒரே ஒரு வரிதான் பாக்கி. சக நர்ஸின் கருத்து.

டிக் விழவில்லை, கடிதம் விழுந்தது. 'உங்களைப் பற்றிப் பாதகமான தகவல் ஒன்று வந்துள்ளது. பிரதியை இணைத்துள்ளோம். இருபத்தெட்டு நாட்களுக்குள் பதில் அளிக்கவும்.' பிரதியைத் திறந்தேன். ரேடியோவின் ஆங்கிலம் எனக்கு நன்றாகத் தெரியும், பாதி நான் சொல்லிக் கொடுத்தது. அவள் எழுதியிருந்ததன் சாரம் இதுதான்: 'இவர் அன்பான, உழைப்பாளியான நர்ஸ். ஒருமுறை நோயாளிக்குத் தவறான அளவில் இன்சுலின் கொடுத்துவிட்டார். நான் அதை உடனே கவனித்து, சிகிச்சை அளித்து, மேலிடத்துக்குத் தெரிவித்தேன்.'

நர்ஸிங் ஸ்டேஷனில் நின்றபடி படித்தேன். முதலிலிருந்து மறுபடியும் படித்தேன்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். இன்சுலினில் இரண்டு வகை பாட்டில் உண்டு. ஒன்று நாற்பது, இன்னொன்று நூறு, அதாவது இரண்டரை மடங்கு அடர்த்தி. நாற்பதுக்குச் சிவப்பு மூடி ஊசி, நூறுக்கு ஆரஞ்சு மூடி ஊசி. எங்கள் வார்டில் எப்போதும் நாற்பதுதான். அந்த வாரம் ஸ்டோரிலிருந்து நூறு வந்துவிட்டது, ட்ரேயில் இருந்ததோ பழைய சிவப்பு மூடிகள். இப்படி ஆகிவிடக் கூடாதென்றுதான் இன்சுலின் போடும்போது இரண்டு பேர் பார்க்க வேண்டும், இரண்டு கையெழுத்து வேண்டும் என்று சட்டம். மருந்து சார்ட்டில் இரண்டு கட்டம் இருக்கும். முதல் கட்டம் கொடுத்தவருக்கு, இரண்டாவது சரிபார்த்தவருக்கு.

சட்டம் அது. முப்பத்திரண்டு பெட்டுக்கு மூன்று நர்ஸ் இருக்கும் வார்டின் வழக்கம் வேறு. காலை ரவுண்டு முடிந்ததும் சார்ட்டுகளை வரிசையாகப் பரப்பி, கடந்து போகிறவள் எந்தக் கட்டம் காலியாக இருக்கிறதோ அதில் கிறுக்கிவிட்டுப் போவாள். பிறகு இன்னொருத்தி மருந்தைப் போட்டுவிட்டு மிச்சமிருக்கும் கட்டத்தை நிரப்புவாள். தப்புதான். ஒன்பது வருடம் எதுவும் நடக்காததால் தப்பு என்று தோன்றாத தப்பு. அன்று ஒன்பதாம் பெட் பெரியவரின் சார்ட்டில் முதல் கட்டத்தில் பத்து மணிக்கே என் கையெழுத்து உட்கார்ந்திருந்தது. பதினொன்றரைக்கு ரேடியோ புது பாட்டிலையும் சிவப்பு மூடி ஊசியையும் எடுத்து, எட்டு யூனிட் கோடு வரை இழுத்து, பேசிக்கொண்டே போட்டாள். உள்ளே போனது இருபது.

பெரியவர் பழைய பஸ் டிரைவர். தினமும் என்னைப் பார்த்ததும் "ரைட், போலாம்" என்பார். பன்னிரண்டு மணிக்கு நான் அவர் பக்கம் போனபோது ஒன்றும் சொல்லவில்லை. நெற்றியில் வியர்வை, சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. சர்க்கரை முப்பத்தெட்டு, எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. கையில் ஏற்கெனவே போட்டிருந்த லைன் வழியாகக் குளுக்கோஸை ஏற்றியது நான். டாக்டருக்குப் போன் போட்டது நான். ட்ரேயில் கிடந்த சிவப்பு மூடியைப் பார்த்து, பாட்டிலைத் திருப்பி 'நூறு' என்று படித்தது நான். ரேடியோ சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். அவள் வாய் மூடியிருந்ததை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன். இருபது நிமிடத்தில் பெரியவர் கண்ணைத் திறந்து "எங்க நிக்குது?" என்று கேட்டார். பிழைத்தோம்.

படுக்கைத் துணி வைக்கும் லினன் ரூமில் வைத்து அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அடுத்த திங்கக்கிழமை எனக்கு நன்னடத்தை சர்டிபிகேட் வாங்கணும். அதுல இது ஏறினா என் கதை முடிஞ்சுது. சார்ட்ல முதல் கட்டத்துல உங்க கையெழுத்துதான் இருக்கு. நீங்க எங்கயும் போகலையே. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. நான் போயி செட்டில் ஆனதும் உங்களையும் பாப்பாவையும் கூப்பிட்டுக்குவேன். சத்தியமா."

அவள் கெஞ்சி முடிப்பதற்குள் நான் சரி என்றுவிட்டேன். யோசித்தேனா? இல்லை. என் தங்கை விழுந்தால் தூக்க மாட்டேனா என்று போனேன். சம்பவ அறிக்கையில் 'மருந்தைக் கொடுத்தவர்: நான்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டேன். சாட்சி என்ற இடத்தில் அவள் போட்டாள். மேட்ரன் அம்மா என்னை அரை மணி நேரம் திட்டினார், இரண்டு நாள் பயிற்சி வகுப்புக்கு அனுப்பினார், பெரியவர் நல்லபடியாக வீட்டுக்குப் போனதும் அறிக்கையை ஃபைலோடு மூடிவிட்டார். அதற்குப் பிறகு அதை யாரும் திறக்கவில்லை. மேட்ரன்கூடத் திறக்கவில்லை. திறந்தவள் ரேடியோ.

கடிதம் வந்த மறுநாள் எனக்கு ஓய்வு. மதியம் மகள் பள்ளியில் இருந்தபோது வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே காலை. ரேடியோ சமையலறையில் நின்று கப் கழுவிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் குழாயை மூடினாள்.

"அக்கா, நானே கூப்பிடணும்னு இருந்தேன்."

"ஏன்டி எழுதின?"

"அக்கா, முழுசா கேளுங்க..."

"ஒன்பது வருஷம் முழுசா கேட்டிருக்கேன். இன்னைக்கு நீ ஒரு வரியில சொல்லு. ஏன் எழுதின?"

ஒரு வரியில் சொல்ல அவளுக்கு எங்கே வரும். சுற்றி வளைத்துச் சொன்னாள். அங்கே இப்போது பார்க்கும் வேலைக்கு இண்டர்வியூ நடந்தபோது ஒரு கேள்வி கேட்டார்களாம். எல்லா இண்டர்வியூவிலும் கேட்பார்கள், எனக்கும் தெரியும். 'உங்கள் வார்டில் ஒரு தவறு நடந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள்?' அவளுக்கு வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லையாம். ஒன்பதாம் பெட் கதையைச் சொல்லியிருக்கிறாள். சிவப்பு மூடியைக் கவனித்தது அவள், பாட்டிலைத் திருப்பிப் பார்த்தது அவள், குளுக்கோஸ் ஏற்றியது அவள். தவறு செய்தது 'என் சீனியர் ஒருவர்'. கேட்டவர்களுக்கு மிகவும் பிடித்துப்போயிற்றாம். வேலை கிடைத்ததே அந்தப் பதிலால்தான் என்று அவளுடைய வார்டு மேனேஜர் பிறகு சொன்னாராம்.

"இப்ப உங்க ஃபார்ம் வந்ததும் அந்த மேனேஜர்கிட்டதான்க்கா கையெழுத்து வாங்கணும். ஒரே வார்டுல ஒன்பது வருஷம்னு நான் வாய் விட்டுட்டேன். 'அந்த இன்சுலின் சீனியர் இவங்கதானா'னு கேட்டுட்டாங்க. நான் என்ன சொல்லட்டும்? இல்லைன்னா, பின்ன எந்த சீனியர்னு கேட்டு நான் மாட்டிக்குவேன். ஆமான்னா எழுதணும்."

"உண்மையச் சொல்லியிருக்கலாம்ல?"

அவள் திரையைப் பார்க்காமல் கப்பைத் துடைத்தாள். "எது உண்மைக்கா? சார்ட்ல உங்க கையெழுத்துதான இருக்கு. ரிப்போர்ட் நீங்கதான எழுதினீங்க."

அதைச் சொன்னபோது அவள் குரலில் பயம் இல்லை, அழுகை இல்லை. பேஷண்ட் பெயரை வாசிப்பதுபோல் வாசித்தாள். எனக்குப் புரிந்தது. நாலரை வருடம் அந்தக் கதையை இத்தனை பேரிடம் சொல்லிச் சொல்லி அவளே அதை நம்ப ஆரம்பித்துவிட்டாள். நான் அவளுக்குத் தற்காலிகமாகக் கொடுத்த பொய்யை அவள் சொந்தமாக்கிக்கொண்டு, மேலே மாடியும் கட்டிவிட்டாள். இணைப்பைத் துண்டித்தேன்.

நேரே கன்சல்டன்சிக்காரரிடம் போனேன். எல்லாவற்றையும் கொட்டினேன். உண்மையை அப்படியே கவுன்சிலுக்கு எழுதப் போகிறேன் என்றேன். அவள் வேலை போகட்டும், பதிவு போகட்டும், எனக்கென்ன வந்தது.

அவர் பொறுமையாகக் கேட்டார். "எழுதுங்க மேடம். ஆனா என்ன ஆகும்னு சொல்லிடறேன். மருந்து நீங்க தரலைன்னு எழுதினா, ஆஸ்பத்திரி ரிப்போர்ட்ல பொய் எழுதினதா ஒத்துக்கிறீங்க. தப்பு பண்ண நர்ஸ அவங்க மன்னிப்பாங்க. பொய் எழுதின நர்ஸ மன்னிக்க மாட்டாங்க. அவங்களுக்கும் போகும், உங்களுக்கும் போகும். விசாரணை முடியவே ஒரு வருஷம் ஆகும். பொண்ணுக்குப் பதினெட்டு எப்ப முடியுது?"

"நாலு மாசத்துல."

"இன்னொரு வழியும் இருக்கு. தப்ப ஒத்துக்கிட்டு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. என்ன நடந்தது, என்ன உணர்ந்தீங்க, என்ன கத்துக்கிட்டீங்க. அந்தப் பயிற்சி சர்டிபிகேட்ட சேர்த்து வைங்க. நான் பாத்தவரைக்கும் ஒரு மாசத்துல கிளியர் ஆயிடும்."

அதாவது நான் செய்யாத தப்புக்கு நான் உருகி உருகி மன்னிப்புக் கேட்க வேண்டும். செய்த தப்பு ஒன்று இருக்கிறது. பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். அதை எழுதவும் அந்தத் தாளில் இடம் இல்லை, அதை எழுதினால் மற்றது வெளியே வந்துவிடும். மூன்று நாள் பேனாவைத் தொடவில்லை. நாலாம் நாள் ரேடியோவிடமிருந்து ஒரு ஃபைல் வந்தது. 'அக்கா, உங்களுக்கு எழுதறது கஷ்டமா இருக்கும்னு நானே டிராஃப்ட் பண்ணிட்டேன். இங்க எப்படி எழுதினா பிடிக்கும்னு எனக்குத் தெரியும்.' கடைசிப் பத்தியில் 'என் சக நர்ஸ் விழிப்போடு இல்லாதிருந்தால் ஒரு உயிர் போயிருக்கும், அவருக்கு நான் என்றும் கடமைப்பட்டிருக்கிறேன்' என்று இருந்தது. போனைச் சுவரில் அடிக்கக் கையை ஓங்கினேன். புதுப் போன் வாங்க ஒரு நாள் வீணாகுமே என்று இறக்கிக்கொண்டேன்.

ஆனால் உட்கார்ந்தேன். அவள் டிராஃப்டைத் தொடவில்லை, என் ஆங்கிலத்தில், என் வார்த்தையில் எழுதினேன். பெரியவரின் நனைந்த சட்டை, முப்பத்தெட்டு, சிவப்பு மூடி, எல்லாம் இருந்தது. நான் பார்த்ததையெல்லாம் அவள் பார்த்ததாகவும், அவள் கை செய்ததை என் கை செய்ததாகவும் மாற்றி எழுதிக்கொண்டே போனேன். நன்றி சொல்லும் வரியை மட்டும் எழுத முடியாமல் இரண்டு தடவை எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். அந்த வரி இல்லாவிட்டால் 'புரிதல் போதவில்லை' என்று திருப்பி அனுப்புவார்கள் என்று கன்சல்டன்சிக்காரர் சொல்லியிருந்தார். எழுதினேன்.

டைப் செய்ய மகள்தான். எனக்கு இரண்டு விரல் வேகம், அவளுக்குப் பத்து விரல். பள்ளியிலிருந்து வந்து, யூனிஃபார்ம்கூட மாற்றாமல் லேப்டாப் முன் உட்கார்ந்தாள். தாளைப் பார்த்துப் பார்த்து அடித்தாள். முதல் பக்கத்தின் பாதியில் விரல் நின்றது. பிறகு மெதுவாக நகர்ந்தது. அவளிடம் இதைப் பற்றி நான் ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். சொன்னால், அங்கே முதல் மூன்று மாதம் யார் வீட்டில் போய்த் தங்குவது, யார் கையால் சாப்பிடுவது என்று அவள் கேட்பாள். அதைவிட, தெரிந்தபின் அவள் வர மாட்டேன் என்றுவிடுவாள். அவள் அப்படிப்பட்டவள். வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

முழுவதும் அடித்து முடித்தாள். நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை அவளிடம் நான் பார்த்ததே இல்லை. சின்னப் பிள்ளை விழுந்ததைப் பார்த்த பெரியவர்கள் பார்க்கும் பார்வை. எழுந்து வந்து என் தோளைச் சுற்றிக் கை போட்டாள்.

"பரவாயில்லம்மா. தப்பு எல்லாருக்கும் நடக்கும். இத்தனை வருஷம் மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டு எவ்ளோ கஷ்டப்பட்டிருப்ப."

லேப்டாப் பக்கத்தில் கிடந்த தாளை எடுத்து மடித்தேன்.

"நல்ல வேளை சித்தி இருந்தாங்க, இல்லம்மா?"

"ஆமா," என்றேன்.

அவள் தன் போனை எடுத்து எதையோ தட்டினாள். சிறிது நேரத்தில் பதில் வந்த சத்தம் கேட்டது. படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் நீட்டினாள். 'எங்க அம்மாவைக் காப்பாத்தினதுக்கு ரொம்ப தேங்க்ஸ் சித்தி' என்று இவள் அனுப்பியிருந்தாள். அதற்குக் கீழே ரேடியோ எழுதியிருந்தாள்: 'என்னடா பாப்பா இது. எங்க அக்காவுக்கு இதுகூடச் செய்ய மாட்டேனா?'

போனைத் திருப்பிக் கொடுத்தேன். "அனுப்பிடவாம்மா?" என்று லேப்டாப்பைக் காட்டிக் கேட்டாள். அனுப்பச் சொன்னேன்.